ரோஸ்லென் வரும் பதினொரு இடங்கள்

1

1998 யூன் 30, செவ்வாய்க்கிழமை. காலை நாலரைக்கு எழும்பினேன். தேத்தண்ணி வைத்தேன். சோற்றுப் பெட்டியில் சோறும் பருப்பும் ஒரு துண்டு மீனும் வைத்து மூடினேன். இவர், என் கணவர், உணவகச் சமையலறையில் வேலை முடிந்து வந்து படுத்து நாலு மணித்தியாலம்தான் ஆகியிருந்தது. அவருடைய சப்பாத்தை வாசலில் இருந்து ஓரமாக வைத்தேன். மகள் தர்சினியின் அறைக் கதவை ஒரு சாண் திறந்து பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஐந்து பத்துக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு புவாண்ட்-கிளேருக்குப் போகும் முதல் பஸ்ஸுக்கு நடந்தேன்.

கார்ட்டியர்வில்லில் உள்ள இந்த வீட்டில் ஒன்பது வருடமாக, கதவைப் பூட்ட முன்னர் இன்னொரு வேலையும் இருந்தது. சமையலறைச் சுவரோடு கீழே இறங்கும் ஹீற்றர் குழாயில் கரண்டியால் இரண்டு தட்டு. எங்களுக்கு நேர் கீழே இருக்கும் ரோஸ்லென் ஒரு தட்டு திருப்பித் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் நான் போகிறேன், பிள்ளை மேலே நித்திரை. ஒரு தட்டு என்றால் எனக்குக் கேட்டது, போ. யூன் 15ஆந் திகதியிலிருந்து நான் தட்டுவதில்லை.

நாளை யூலை முதலாந் திகதி. கனடாவின் இந்த மாகாணத்தில் அதுதான் வீடு மாறும் நாள். வாடகை ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரே நாளில் முடிகின்றன. ஒரே நாளில் நகரம் முழுவதும் மெத்தைகளும் அடுப்புகளும் படிகளில் இறங்குகின்றன. நாளை ரோஸ்லெனும் போகிறார். ரொக்ஸ்பரோவில் தங்கையோடு சேர்ந்து ஒரு வீடு எடுத்திருக்கிறார்.

ஊரிலிருந்து பெரியக்காவின் கடிதம் போன கிழமை வந்தது. தர்சினி பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டு வீடியோவைப் பார்த்தாவாம். "பிள்ளை மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள். எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது, ஒரு குறையும் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறா. குறை தெரியாதுதான். அது தெரியாதபடி செய்தவள் நான். அந்த வீடியோவில் இல்லாததை இங்கே எழுதுகிறேன்.

2

நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அரச செயலகத்தில், பன்னிரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவள். பதிவறை என் பொறுப்பு. என் கையால் ஒரு கோவை தவறியதில்லை. 1989 நவம்பரில் நாலு வயதுப் பிள்ளையோடு இங்கே வந்து இறங்கி, மூன்றாம் கிழமை ஒரு களஞ்சியத்தில் பெட்டி எண்ணி அடுக்கும் வேலைக்குப் போனேன். பிள்ளையை விட இடமில்லை. கார்டெரி என்று சொல்லும் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். எட்டு மாதம் கழித்து இடம் இருக்கிறதென்று கடிதம் வந்தபோது தேவைப்படவில்லை.

நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் இடத்தில்தான் ரோஸ்லெனைக் கண்டோம். மஞ்சள் துணியால் தலையைக் கட்டிக்கொண்டு, வாயில் இரண்டு கிளிப்பைக் கடித்தபடி துவாய் மடித்துக்கொண்டிருந்தார். தர்சினி ஓடிப்போய் அந்தத் துணியின் தொங்கலைப் பிடித்து இழுத்தாள். கட்டு அவிழ்ந்து விழுந்தது. நான் பதறிப்போனேன். அவர் குனிந்து, தன் தலையைப் பிள்ளையிடம் கொடுத்து, நீயே கட்டிவிடு என்று கையால் காட்டினார்.

ஹெயிட்டியில் ஜெரெமி என்ற கடற்கரைப் பட்டினத்தவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். மாலையில் முதியோர் இல்லமொன்றில் வேலை, பகலில் வீடு. காலை ஐந்து பத்திலிருந்து தர்சினி அவருடைய காதில் இருந்தாள். எட்டு மணிக்கு அவருடைய மேசையில் சாப்பிட்டாள். பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகும் அங்கேயே போய் அங்கேயே வந்தாள். நான் மாலை ஐந்து நாற்பதுக்குப் போய்க் கூட்டி வருவேன். அவர் சீருடையைப் போட்டுக்கொண்டு தயாராக நிற்பார். பிள்ளையைக் கைமாற்றிவிட்டு அதே நிமிடத்தில் பஸ்ஸுக்கு ஓடுவார்.

என்னிடம் பிரெஞ்சு அப்போதும் கொஞ்சம், இப்போதும் கொஞ்சம். அவருக்குத் தமிழில் வா, போ, சாப்பிடு, பிள்ளை, அக்கா. என்னை அவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்; அது வயதைக் குறிக்கிற சொல் என்று பிள்ளை அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மீதிக் கதையெல்லாம் தர்சினியின் வாயால் நடந்தது.

அவருக்கு ஊரில் ஒரு மகள் இருந்தாள். எட்டு வயதில் தாயிடம் விட்டுவிட்டு வந்தவர். மகளைக் கூப்பிடும் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை நான் அவருடைய மேசையில் இருந்து பத்திரங்களை ஒழுங்குபடுத்தி, இலக்கமிட்டு, பிரதியெடுத்துக் கொடுத்தேன். ஒரு பிழையும் இருக்கவில்லை. ஆனால் அது பரிசீலனைக்கு வந்த அன்று மகள் பிள்ளை என்ற கணக்கில் சேராத வயதைத் தாண்டிவிட்டாள். அதற்குப் பிறகு ரோஸ்லென் விண்ணப்பிக்கவில்லை. தர்சினியின் ஒவ்வொரு பள்ளிக்கூடப் படத்தையும் ஜெரெமிக்கு அனுப்புவார். பின்பக்கத்தில் "உன் தங்கச்சி" என்று எழுதுவார்.

வந்த புதிதில் அவருடைய தலைமயிர் சூடு வைத்து நீட்டியதாக இருந்ததைப் படத்தில் கண்டிருக்கிறேன். ஒரு நாள் எல்லாவற்றையும் ஒட்ட வெட்டிவிட்டு, சுருளும் நரையுமாக வளரவிட்டு, மேலே துணி கட்டத் தொடங்கினாராம். அவருடைய தேவாலயத்துப் பெண்கள், நேராக்கு, காட்டிலிருந்து வந்தவள் மாதிரி இருக்கிறாய் என்றார்கள். முதியோர் இல்லத்தில் துணியைக் கழற்றச் சொன்னார்கள். அங்கே ஒரு கிழவி தினமும், அந்தக் கையால் என்னைத் தொடாதே என்று சொல்லிவிட்டு, அதே கையிலிருந்து சூப் குடிப்பாவாம். இதையெல்லாம் அவர் என் சமையலறையில் இருந்து சிரித்துச் சிரித்துச் சொல்ல, ஒன்பது வயதுப் பிள்ளை மொழிபெயர்த்தது: "அம்மா, ரோஸ் சொல்லுறா, தன்ர தலை என்ன அரசாங்கக் காணியோ, ஆளாளுக்கு வந்து வேலி போட எண்டு." வேலி என்ற சொல் அவருடையதோ பிள்ளை போட்டதோ தெரியாது.

எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் கறுவல். "கறுவல் வீட்டில விட்டிட்டு வாறன்." "கறுவலிட்டைத் திறப்பைக் குடு." இவரும் அப்படித்தான் சொல்வார், நானும் அப்படித்தான். இங்குள்ள எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அது சாதாரணச் சொல். என் நிறம் ரோஸ்லெனின் நிறத்தைவிட ஒரு பிடி கூடக் கறுப்பு. ஊரில் என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு பகுதியார் அதைச் சொல்லித்தான் திரும்பிப் போனார்கள்.

3

1998 மார்ச் 11, புதன்கிழமை. ஐந்து நாற்பதுக்கு நான் கீழே போனபோது தர்சினி ரோஸ்லெனின் சமையலறைக் கதிரையில் தோளில் துவாயோடு இருந்தாள். கையில் இஞ்சித் தண்ணீர். அவளுடைய தலைமயிர் நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் மண்டையோடு ஒட்டிய சின்னச் சின்ன வரிசைகளாகப் பின்னப்பட்டிருந்தது. எண்ணினேன், பதினாலு வரிசை. ரோஸ்லென் அன்று வேலைக்குப் போகவில்லை. பிள்ளையைக் காட்டித் தலையசைத்தார். விளங்கிவிட்டது.

மேலே கூட்டி வந்து அரை மணித்தியாலத்தில் லண்டனில் இருக்கும் இவருடைய அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். மச்சாள் கேட்ட முதல் கேள்வி: "ஆர் முதல் கண்டது?"

எங்கள் வழக்கத்தில் அது முக்கியம். பிள்ளை பெரியபிள்ளையானதை முதலில் காண்பவளின் ராசி பிள்ளைக்கு ஒட்டும் என்பார்கள். நன்றாக வாழ்கிறவள் காண வேண்டும். அதற்காகவே அயலில் ஆளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துகிறவர்களும் உண்டு.

"நான்தான் மச்சாள்" என்றேன்.

தொலைபேசியை வைத்த பிறகு தர்சினி சொன்னாள்: "நீங்கள் வேலையிலயெல்லோ நிண்டனீங்கள்."

"சும்மா இரு. பெரியாக்களின்ர கதை."

முதல் தண்ணீர் வார்க்க வேண்டும். பின்னலோடு வார்க்க முடியாது. சீப்பின் வாலால் பதினாலு வரிசையையும் அவிழ்த்தேன். ஒரு மணி பத்து நிமிடம் எடுத்தது. சீப்பில் மயிர் கொத்தாக வந்தது. அவள் அழவில்லை. ஒரே ஒரு முறை வாய் திறந்தாள்.

"ரோஸ் சொன்னவா, பின்னேக்க நோகும், அவிழ்க்கேக்க நோகாதெண்டு. உங்களுக்கு அவிழ்க்கத் தெரியேல்லை."

4

சடங்கு மே 23, சனிக்கிழமை. பள்ளிக்கூட மண்டபமொன்றில் நூற்றெண்பது பேர்.

முந்திய கிழமை ஒரு சேலையைத் தர்சினியின் கையில் கொடுத்து, ரோஸை இதை உடுத்திக்கொண்டு வரச் சொல்லு என்று கீழே அனுப்பினேன். நல்ல சேலைதான், நான் இரண்டு முறை உடுத்தது. மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. பிள்ளை சொன்ன மறுமொழி: "இருபது வருசமாய் வேலைக்கு வேற ஆக்கள் தந்த உடுப்பைத்தான் போடுறாவாம். என்ர விழாவுக்குத் தான் தானாய் வாறாவாம். இல்லாட்டி எனக்கு அவவை ஆரெண்டு தெரியாதாம்."

தானாகத்தான் வந்தார். தேவாலயத்துத் தையல்காரியிடம் தைப்பித்த மஞ்சள் உடை, கணுக்கால் வரைக்கும். ஒரு சாண் உயரத்துக்குச் செம்மஞ்சள் தலைக்கட்டு. காதில் பெரிய தங்க வளையம். மண்டபத்து வாசலில் நின்று ஒரு முறை முழுக்கப் பார்த்துவிட்டு, நேராக நடந்து வந்து முன்வரிசையில் இருந்தார்.

எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடியில் இருக்கும் பரமேஸ்வரி அக்கா என் காதுக்குள் சொன்னா: "உங்கட கறுவல் கலியாணப் பொம்பிளை மாதிரியெல்லோ வந்திருக்கிறா. மணவறையில இருக்கிறது ஆரெண்டு சனம் மாறி நினைக்கப் போகுது."

நான் சிரித்தேன். அதையும் எழுத வேண்டும்.

ஆலாத்தி எடுக்க ஏழு சோடிப் பெண்களின் பெயரை நான் எழுதி வைத்திருந்தேன். நாலு சோடி எடுத்து முடிந்தது. ஐந்தாவதாகப் பரமேஸ்வரி அக்காவும் இன்னொருவரும் எழும்பும் நேரம், மணவறையில் தலை குனிந்து இருந்த தர்சினி தலையை நிமிர்த்தினாள்.

"ரோஸ் எடுக்கோணும்."

"பேந்து பாப்பம்" என்றேன்.

"ரோஸ் எடுக்காட்டி நான் எழும்பிப் போறன்." மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் வீடியோக்காரர் வைத்த ஒலிவாங்கி பக்கத்தில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

பரமேஸ்வரி அக்காவோடு சோடியாக ரோஸ்லென் எழும்பினார். நாலு சோடியைப் பார்த்துப் பாடமாக்கியிருந்தார் போல. தட்டத்தைச் சரியான கையில் பிடித்தார், சரியான பக்கம் மூன்று முறை சுற்றினார், பொட்டு வைத்தார். பரமேஸ்வரி அக்காதான் பதற்றத்தில் ஒரு சுற்றுக் குறைவாகச் சுற்றினா. அதோடு இறங்கியிருக்கலாம். ரோஸ்லென் தட்டத்தைக் கீழே வைத்தார். இரண்டு உள்ளங்கையையும் பிள்ளையின் தலையில், நான் மணித்தியாலக் கணக்கில் சோடித்த கொண்டைமாலையின் மேல், வைத்தார். தன் மொழியில் தணிந்த குரலில் நாலு வரி பாடினார்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் சிலர். ஒரு பொடியன் "கறுவல் மந்திரிக்குது" என்றான். ரோஸ்லென் நிறுத்தவில்லை. நாலு வரியையும் முடித்தார்.

நான் பிள்ளையைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள். அந்த முகத்தில் இருந்த ஆறுதலை நான் பதின்மூன்று வருடத்தில் ஒரு நாளும் கண்டதில்லை. நூற்றெண்பது பேரும் அதைக் கண்டார்கள். யார் இந்தப் பிள்ளையை வளர்த்தது என்று யாரும் யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

5

வீடியோக்காரர் ரஞ்சன் பத்து நாளில் பார்வைக் கொப்பியைக் கொண்டுவந்தார்.

"ஊருக்கும் லண்டனுக்கும் அனுப்பிறதெல்லே அக்கா. ஏதும் வெட்டுறதெண்டா நேரத்தைக் குறிச்சுத் தாங்கோ. வெக்கப்படாதேங்கோ, எல்லாரும் வெட்டுறவை. போன மாசம் ஒரு வீட்டில மாப்பிளையையே வெட்டித் தரச் சொன்னவை."

"அதெப்பிடித் தம்பி?"

"கஷ்ரப்பட்டுப்போனன். பொம்பிளை தனியத் தாலி கட்டின மாதிரி வந்துது."

யூன் 3ஆந் திகதி, வேலையால் வந்து, வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் இருந்து பார்த்தேன். ரோஸ்லெனுக்கு அன்று வேலையில்லாத நாள், தர்சினி கீழே அவரோடு இருந்தாள். வீடியோ இரண்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். கொப்பி ஒன்றில் கோடு போட்டு, தொடங்கும் நேரம், முடியும் நேரம், என்ன காட்சி என்று மூன்று நிரல் எழுதினேன். வாசலில் வருவது. முன்வரிசையில் இருப்பது. யாரோடோ சிரிப்பது. ஆலாத்தி. பாட்டு. பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பது. சாப்பாட்டு மேசையில் கையால் சாப்பிடப் பார்த்துப் பழகுவது. பதினொரு இடங்கள். மொத்தம் ஒன்பது நிமிடம் முப்பத்தைந்து விநாடி. காட்சி என்ற நிரலில் பதினொரு முறையும் கறுவல் என்ற அந்தச் சொல்லைத்தான் எழுதினேன். அவருடைய பெயரை ஒரு முறையும் எழுதவில்லை.

ஆட்கள் என்ன சொல்வார்கள் என்ற பயத்தில் செய்தேன் என்று எழுதினால் ஊரில் விளங்கிக்கொள்வார்கள், மன்னித்தும் விடுவார்கள். அது பாதிதான். நான் பெட்டி எண்ணிக்கொண்டிருந்த ஒன்பது வருடத்துக்கு ஒரு சாட்சி இருந்தது. அந்தச் சாட்சி மஞ்சள் உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து மேடையில் நின்றது. அதைப் பொறுக்க முடியவில்லை.

ரஞ்சன் தாளைப் பார்த்தார். "பரமேஸ்வரி அக்காவும் சேர்ந்து போவா. பரவாயில்லையோ?"

"பரவாயில்லை."

6

யூன் 14, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. ரோஸ்லென் வீடியோ பார்க்க வந்தார். நான் அழைக்கவில்லை, தர்சினி அழைத்திருந்தாள். அதே தலைக்கட்டைக் கட்டியிருந்தார். கையில் ஒரு தேங்காய்க் கேக், உறை பிரிக்காத வெற்றுக் கசெற் ஒன்று. ஜெரெமிக்கு அனுப்ப ஒரு கொப்பி வேண்டும், மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றார். ஹெயிட்டியிலும் கனடாவின் வீடியோ முறைதான், கசெற்றை மாற்றிப் பதியத் தேவையில்லை என்பதையும் விசாரித்து வைத்திருந்தார்.

சோபாவின் நுனியில் இருந்து பார்த்தார். வாசலில் ஆட்கள் வந்தார்கள். அவர் வரவில்லை. முன்வரிசை வந்தது. ஒரு மணித்தியாலம் கழிந்து ஆலாத்தி வந்தது. முதலாவது சோடி, இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. பிறகு திரையில் ஒரு பெரிய சிவப்பு இதயம் வந்து சுழன்றது. அதற்குள் தர்சினியின் முகம். பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி. இதயம் மறைய ஆறாவது சோடி.

"திரும்பப் போடு" என்றார் ரோஸ்லென்.

தர்சினி போட்டாள். இதயம் சுழன்றது. மறுபடியும் போட்டாள்.

அப்போதுதான் நான் ஒன்றைக் கண்டேன். அந்த இதயத்துக்கு முன்னாலும் பின்னாலும், வேறு பல இடங்களிலும், பிள்ளை ஒரு பக்கமாகப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. நான் ரோஸ்லென் வரும் நேரத்தைத்தான் குறித்திருந்தேன். பிள்ளை பார்க்கும் நேரத்தைக் குறிக்கவில்லை.

"அம்மா, ரோஸ் எங்க?"

"வீடியோக்காரன் ஏதோ பிழை விட்டிட்டான் போல."

அவள் எழும்பிப் போய்த் தொலைபேசியை எடுத்தாள். இலக்கம் கசெற் உறையில் இருந்தது. எல்லோருக்கும் கேட்கும் பொத்தானை அழுத்தினாள்.

"அண்ணை, ரோஸ் ஆலாத்தி எடுத்த துண்டு எங்க?"

"அதை அம்மாதானே தங்கச்சி வெட்டச் சொன்னவா. நேரமெல்லாம் போட்டு நல்ல வடிவாய் எழுதித் தந்தவா. அவ்வளவு ஒழுங்காய் எனக்கு ஒருத்தரும் எழுதித் தந்ததில்லை."

"வெட்டின துண்டு உங்களிட்டை இருக்கோ?"

"இல்லையே. அந்தக் கசெற்றுக்கு மேல போன சனி ஒரு கலியாணம் எடுத்திட்டன். ஏன், என்ன பிரச்சினை?"

அவள் தொலைபேசியை வைத்தாள். ரோஸ்லென் பக்கம் திரும்பி, பிரெஞ்சில், ஒன்றையும் விடாமல் சொன்னாள். ஒன்பது வருடமாக எங்கள் இருவருக்கும் இடையில் அவள்தான் சொன்னவள். இடையிடையே எனக்காகவும் அவருக்காகவும் சிலவற்றை மென்மையாக்கிச் சொல்லியிருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். அன்று மென்மையாக்கவில்லை. ஒழுங்காய் என்ற சொல்லை மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

ரோஸ்லென் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். தன் முன்கையை என் முன்கைக்குப் பக்கத்தில், மேசையில் வைத்தார். இரண்டு கையையும் பார்த்தார். பிள்ளை சொல்லாமலே அது எனக்கு விளங்கியது.

பிறகு பேசினார். தர்சினி எனக்குச் சொன்னது இது: "கறுவல் எண்ட சொல்லு எனக்கு ஏழு வருசமாய்த் தெரியும். பிள்ளைக்கு ஆறு வயசில கேட்டனான், அதென்ன சொல்லெண்டு. அது உன்ர பேர், எங்கட வீட்டில உன்னை அப்பிடித்தான் கூப்பிடுறது எண்டு சிரிச்சுச் சொன்னவள். நான் அவளுக்கு விளங்கப்படுத்தேல்லை. அது நீ செய்ய வேண்டிய வேலை எண்டு விட்டிட்டன்."

இதைச் சொல்லும்போது தர்சினியின் குரல் நடுவில் நின்றது. தன் ஆறு வயதைத் தானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. ரோஸ்லென் காத்திருந்தார். மிச்சத்தையும் சொல் என்று கையைக் காட்டினார்.

"முதியோர் இல்லத்துக் கிழவிக்கு ஞாபகம் போயிட்டுது. அவவுக்குத் தான் என்ன செய்யிறனெண்டு தெரியாது. நீ நேரம் போட்டு எழுதியிருக்கிறாய்."

கேக்கை வைத்துவிட்டுப் போனார். வெற்றுக் கசெற்றையும் எடுக்கவில்லை.

7

இந்த இரண்டு கிழமையும் தர்சினி கீழே போய்க் கதவைத் தட்டினாள். ரோஸ்லென் அவளுக்கும் திறக்கவில்லை. ஒரு நாள் கதவுக்குள் இருந்தே சொன்னாராம்: "உன் அம்மாவிடம் போ. உன்னை முதல் கண்டது அவ, வளர்த்தது அவ, எல்லாம் படத்தில் இருக்கிறது." பிள்ளை படியில் முக்கால் மணித்தியாலம் இருந்துவிட்டு மேலே வந்தாள். அன்று எனக்கு ஒரு மலிவான ஆறுதல் வந்தது. அவரும் என்னைப் போலத்தான், பிள்ளையை வைத்துத் தாயை அடிக்கிறார் என்று. பிறகு அந்த ஆறுதலை வெறுத்தேன். அவர் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் இருந்திருப்பார். முக்கால் மணித்தியாலமும்.

பரமேஸ்வரி அக்கா படியில் மறித்துக் கேட்டா: "ஏனப்பா, என்ர ஆலாத்தியையும் சேர்த்தெல்லோ வெட்டிப்போட்டியள். நான் என்ன பாவம் செய்தனான்?" அவவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவவிடம் கேட்பது சுலபமாக இருந்தது. கீழ்ப் படிகள் பதினாறு. பதினாறையும் இறங்கிப் போய் மற்றவரிடம் கேட்க இரண்டு கிழமை போதவில்லை.

இன்று ஐந்து நாற்பதுக்கு வேலையால் வந்தேன். ரோஸ்லெனின் கதவுக்கு வெளியே பெட்டிகள் அடுக்கியிருந்தன. எங்கள் வீட்டுப் பூட்டின் திறப்பு, அவரிடம் ஒன்பது வருடம் இருந்தது, ஒரு கடித உறையில் எங்கள் கதவின் கீழால் தள்ளப்பட்டுக் கிடந்தது. உறையில் ஒன்றும் எழுதவில்லை.

சமையலறை மேசையில் அந்த வெற்றுக் கசெற்றும், பள்ளிக்கூடம் அனுப்பிய செப்டெம்பர் படிவமும் கிடந்தன. அவசரத்துக்கு அறிவிக்க வேண்டியவர் என்ற இடத்தில் ஒவ்வொரு வருடமும் ரோஸ்லெனின் பெயரை எழுதுவேன். உறவு என்ற இடத்தில் அயலவர் என்று எழுதுவேன். இந்த வருடம் தர்சினி எனக்கு முதல் நிரப்பியிருந்தாள். பெயர் இருந்தது. உறவு என்ற இடம் வெறுமையாக இருந்தது. புது முகவரி தெரியாததால் அதுவும் வெறுமை.

ஏழு மணிக்குச் சாப்பிட்டோம். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்குக் காலமை நான் குழாயில தட்டப்போறன். ஐஞ்சு பத்துக்கு."

"நாளைக்கு லீவு. அவா நித்திரை கொள்ளுவா."

"அவா எழும்பியிருப்பா. திருப்பித் தட்டினா நான் அவவோட ரொக்ஸ்பரோ போறன். பள்ளிக்கூடம் தொடங்கு மட்டும் அங்க நிண்டிட்டு வாறன்."

"அப்பாட்டைக் கேட்டனியோ?"

"அப்பா ஓமெண்டவர்."

"தட்டாட்டி?"

"தட்டாட்டி இஞ்ச இருக்கிறன். வேற என்ன செய்யிறது."

கோபத்தில் சொல்லவில்லை. கோபமாக இருந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். தட்டைக் கழுவி வைத்தாள். சின்னப் பையொன்றில் உடுப்பு வைத்தாள். சீப்பை அதற்குள் வைப்பதைக் கண்டேன். தன் மணிக்கூட்டில் ஐந்து மணிக்கு அலாரம் வைத்து, எனக்கு முன்னாலேயே சரிபார்த்து, தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தாள். கரண்டியைக் குழாய்க்குப் பக்கத்தில் தயாராக வைத்திருந்தாள்.

8

யூலை 1, புதன்கிழமை. விடுமுறை நாள். நாலரைக்கு எழும்பினேன். தேத்தண்ணி வைக்கவில்லை. முதலில் பிள்ளையின் அறைக்குள் போய், அந்த மணிக்கூட்டின் அலாரத்தை நிறுத்தினேன். கதவைச் சாத்தினேன்.

சமையலறையில் வந்து இருந்தேன். ஐந்து பத்துக்குக் குழாயில் சத்தம் வந்தது. கீழேயிருந்து, இரண்டு தட்டு. ஒன்பது வருடத்தில் அவர் முதலில் தட்டியது அதுதான். சிறிது நேரம் விட்டு, இன்னும் இரண்டு.

கரண்டி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்தேன். துடைத்து, மேசை லாச்சிக்குள் வைத்து மூடினேன்.